ஸ்கூட்டிக்குப் போட்ட மாலை

எங்கள் தெருவில் அந்தக் கோடை முழுக்க ஒரே பேச்சுதான். பந்து உதைக்கிற பெண்ணுக்கு ஒரு காலேஜ் ஸ்கூட்டி கொடுக்கலாமா, கூடாதா? அந்தப் பெண் என் அக்கா. ஆகவே எனக்கு இதில் அபிப்பிராயம் என்று ஒன்று இல்லை, வெறிதான் இருந்தது. ஸ்கூட்டி வர வேண்டும், பின்சீட்டில் நான் உட்கார வேண்டும், கும்மிடிப்பூண்டி பஜாரில் என் வகுப்புப் பிள்ளைகள் ஒருத்தர் விடாமல் அதைப் பார்க்க வேண்டும். மூன்றாவது படிக்கிற பெண்ணுக்கு இதைவிடப் பெரிய லட்சியம் எதுவும் இருக்க முடியாது.

அக்கா அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். தெருக்கோடியில் இருந்த ஏரி தண்ணீர் வற்றிய பிறகு எங்களுக்கு மைதானமாகிவிடும். கம்பெனிகளில் கழித்துப் போட்ட பைப்புகளை வெல்டிங் வைத்து இரண்டு பக்கமும் கோல் கம்பம் நட்டிருந்தார்கள். ஏ ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் வீட்டுக்குப் போகாமல் சாப்பாட்டுப் பையோடு நேரே அங்கே போய் நின்றுவிடுவார்கள். பெண்டாட்டி சொல்வதைக் காதில் வாங்க நேரமில்லாத ஆட்களெல்லாம் அக்காவின் இடது காலைப் பற்றி மட்டும் பொழுது போவது தெரியாமல் பேசுவார்கள். அவள் உதைத்தால் பந்து நேராகப் போவதுபோல் போய்க் கடைசியில் மனசு மாறி ஓரமாகத் திரும்பிக் கோலுக்குள் விழும்.

அப்படி ஒரு கோலைப் பார்த்துவிட்டுத்தான் கோச் மேடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். தலையில் தொப்பி, டிராக் பேண்ட், கழுத்தில் விசில். சோழவரம் தாண்டி இருந்த ஒரு காலேஜின் பெண்கள் அணிக்கு அவர்தான் பொறுப்பு. அக்கா அங்கே சேர்ந்தால் படிப்புக்குச் செலவில்லை, பூட்ஸும் சீருடையும் காலேஜே தரும், விடியற்காலைப் பயிற்சிக்கு இங்கிருந்து பஸ் கிடையாது என்பதால் ஒரு ஸ்கூட்டியும் வாங்கித் தரும் என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். போனது அவர் மட்டும்தான், ஸ்கூட்டிப் பேச்சு அன்றைக்கே தெருவுக்குள் வந்துவிட்டது.

டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. ஸ்கூட்டி வேண்டும் என்கிற கட்சி உள்ளே பெஞ்சில், கூடாது என்கிற கட்சி வெளியே கல்லில். உள்கட்சிக்குத் தலைவர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. தெரு டீமில் பந்துக்குக் காற்றடிப்பதிலிருந்து ரெஃப்ரியைத் திட்டுவது வரை எல்லாம் அவர்தான். வெளிக்கட்சிக்கு எதிர்வீட்டுக் கிரேன் அண்ணன். இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவர் என்பதால் எதையும் மேலேயிருந்து பார்த்துப் பேசுகிற வழக்கம் அவருக்கு உண்டு.

“கம்பெனிக்காரன் ஆள் எடுத்தா பஸ்ஸு உடறான் இல்ல? காலேஜிக்காரன் ஸ்கூட்டி உடறான். இதுல இன்னாபா தப்பு?” என்பார் சித்தப்பா.

“பஸ்ஸு எல்லாருக்கும் உடறான். பதினோரு பேரு ஆடற ஆட்டத்துல ஒருத்திக்கு மட்டும் ஸ்கூட்டின்னா மீதிப் பேரு அவளுக்கு பாஸ் குடுப்பாளுங்களா?” என்பார் கிரேன் அண்ணன். “நாளைக்கு எவனாவது மேல எடத்துக்கு எழுதிப் போட்டுட்டான்னு வெய்யி, வண்டி வாங்கிக்கினு ஆடறான்னு பொண்ண ஆட உடாம ஒக்கார வச்சிடுவானுங்க. பெரிய பேஜாரா பூடும்.”

நான் உள்கட்சி. சித்தப்பா வாங்கிக் கொடுக்கும் பன்னைத் தின்றுகொண்டே கிரேன் அண்ணனை முறைப்பேன். சில நாள் பன் அந்தப் பக்கத்திலிருந்தும் வரும். தின்பேன், ஆனால் கொள்கையை விட்டுக்கொடுத்ததில்லை.

தெரு இப்படிக் கொதித்துக்கொண்டிருக்க, எங்கள் வீட்டுக்குள் மட்டும் வேறொரு பேச்சு ஓடியது. பள்ளிப்பட்டில் இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், தன் மகனுக்கு அக்காவைக் கேட்டிருந்தார். மாந்தோப்பு, நெல் வயல், சொந்த டிராக்டர். எல்லாவற்றையும்விட, அவருக்கு முறை இருந்தது. நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மெஷினில் கை மாட்டி வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடந்த காலத்தில் எங்கள் அடுப்பு எரிந்தது மாமா அனுப்பிய அரிசியால். அந்த மனிதர் ஒன்று கேட்டு இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேச முடியாது, அதனால் ஆனி கடைசிப் புதன்கிழமை தட்டு மாற்ற வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். கல்யாணம் தை மாசம். கட்டிக்கொண்டு வருகிற பெண் அரை டிராயர் போட்டுக்கொண்டு பந்து உதைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லியிருந்தார். நைனா தலையாட்டிவிட்டார். அம்மாவும் தலையாட்டினாள்.

அக்கா பந்து கண்ணுக்குத் தெரியாமல் இருட்டுகிற வரைக்கும் மைதானத்திலேயே கிடந்தாள். ஒரு நாள் மட்டும் அம்மா மாவாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள்.

“நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாதாம்மா? நான் ஆடணும்மா.”

“எங்கண்ணன் மொகத்தப் பாத்து நான் எப்டிடி சொல்றது?” என்றாள் அம்மா. கிரைண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எனக்கு அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அதற்கும் மேலாகக் குழப்பம்தான் இருந்தது. கல்யாணம் வந்தால் பட்டுப்பாவாடை, காலேஜ் வந்தால் ஸ்கூட்டி. இரண்டையும் ஏன் வாங்கிக்கொள்ளக் கூடாது?

மாமா வரும் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியோடு வருவதாகக் கோச் மேடத்திடமிருந்து தகவல் வந்தது. சேர்வதும் சேராததும் உங்கள் இஷ்டம், வண்டியைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாராம். சித்தப்பா தலைகால் புரியாமல் ஆடினார். சனிக்கிழமை சாயங்காலம் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் என் சைக்கிள் விஷயமாக ஒரு சின்னச் சண்டை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா ஆனதும் அம்மா என்னைக் கூப்பிட்டு, “தெருவுல போயி எல்லாரையும் கூப்டு. ஒரு ஊடு உடாத. வண்டி வருது, வந்து பாருங்கன்னு சொல்லு” என்றாள். இதற்காகவே பிறந்தவள் மாதிரி ஓடினேன். தூங்கிக்கொண்டிருந்த நைட் ஷிப்டுக்காரர்களைக்கூட விடவில்லை, ஜன்னலில் தலையை விட்டுக் கத்தினேன். மத்தியானத்துக்கு மேல் குட்டி யானை லோடு வண்டி ஒன்று ஆடி ஆடித் தெருவுக்குள் நுழைந்தபோது, எங்கள் வாசலில் தேர்த்திருவிழாக் கூட்டம். பின்னால் சிவப்பு ஸ்கூட்டி, அதற்கு வெள்ளை ரிப்பன். விசில் பறந்தது. நாலு பேர் சேர்ந்து அலுங்காமல் கீழே இறக்கினார்கள். அதில் ஒருவர் கிரேன் அண்ணன். எதிர்க்கட்சியாக இருந்தாலும் பாரம் இறக்குவதென்றால் அவருக்குக் கை சும்மா இருக்காது. இறக்கிய பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து சீட்டை ஒரு தடவை தடவியும் பார்த்தார்.

அப்போதுதான் ஷிப்டு முடிந்து நைனா நீல யூனிஃபார்மோடு வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்து வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று ஓடியே வந்தார் பாவம். அம்மா அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு உள்ளே போய், கனமான ஒரு சாமந்தி மாலையைக் கொண்டுவந்து ஸ்கூட்டியின் கழுத்தில் போட்டாள். மஞ்சள் வைத்தாள், குங்குமம் வைத்தாள். அதோடு விட்டாளா? இரண்டு தாம்பாளத்தைக் கொண்டுவந்தாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள், பூ. ஒன்றை நைனா கையில் கொடுத்தாள், இன்னொன்றைக் கோச் மேடம் கையில் கொடுத்தாள்.

“சாவிய அதுல வைங்க மேடம்.”

“எதுக்குங்க இதெல்லாம்?” என்று மேடம் கூச்சத்தோடு சிரித்தார்.

“எங்க பக்கம் வழக்கம் மேடம். சீர் கொண்டாந்தவங்களோட தட்டு மாத்திக்கணும்.”

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நைனாவுக்கு அதைவிடப் புரியவில்லை. ஆனால் இத்தனை பேர் சுற்றி நின்று பார்க்கும்போது கையில் இருக்கும் தட்டை என்ன செய்வது? மாற்றிக்கொண்டார்கள். எங்கள் பக்கம் இரண்டு வீட்டார் வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டால் பெண் பேசி முடித்தாயிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகு இன்னொருவர் அந்தப் பெண்ணைக் கேட்டுப் படியேறக் கூடாது. ஏறினால் இரண்டு குடும்பத்துக்கும் ஆகாது என்பார்கள்.

“அடியே, பொண்ண காலேஜிக்கு நிச்சயம் பண்ணிட்டியேடி!” என்று ஒரு பெண் குரல் கத்தியது. அவ்வளவுதான். சிரிப்பு, கைதட்டல், விசில். சித்தப்பா யாரையோ கட்டிப்பிடித்துத் தூக்கினார். யாரென்று பார்த்தால் கிரேன் அண்ணன். அக்காவும் வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா அவள் இடுப்பில் கிள்ளி, “தல குனிஞ்சி நில்லுடி” என்றாள். பொதுவாக மைதானத்தில் ரெஃப்ரி சொன்னால்கூடக் கேட்காதவள், அன்று அப்படியே தலை குனிந்து நின்றாள்.

பிறகு அக்கா ஸ்கூட்டியை எடுத்தாள். பின்சீட்டில் நான். மாலை காற்றில் பறக்க, ஏரி முழுக்க ஒரு சுற்று. புழுதிக்குப் பின்னால் தெருப் பையன்கள் மொத்தமும் ஓடிவந்தார்கள். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் நான் பட்டதில்லை.

புதன்கிழமை மாமா காரில் வந்தார். மாமி கையில் பட்டுப்புடவை வைத்த தட்டு, டிக்கியில் இரண்டு கூடை மாம்பழம். வாசலில் வாடின மாலையோடு நின்ற ஸ்கூட்டியைப் பார்த்ததும் மாமாவின் கால் நின்றது.

“இன்னாம்மா இது?”

அம்மா பதில் சொல்வதற்குள் எதிர்வீட்டுக் கிரேன் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஸ்கூட்டியே கூடாது என்று கோடை முழுக்கத் தொண்டை வறளப் பேசிய அதே ஆள். “ஞாயித்திக்கெழமையே தட்டு மாத்தியாச்சுங்க. காலேஜில இருந்து சீர் வந்துச்சு. தெருவே சாட்சி” என்றார், ஏதோ தானே முன்நின்று நடத்தியதுபோல.

“பொண்ண காலேஜிக்கா குடுத்த?” என்று கேட்டார் மாமா. முகம் சிவந்துவிட்டது.

“எனக்கு இன்னாண்ணா தெரியும்? ஊடு தேடி சீர் கொண்டாந்தவங்கள வெறுங்கையோட அனுப்பறதான்னு தட்டு வச்சிக் குடுத்தேன். அது இப்டி ஆயிப்போச்சு” என்றாள் அம்மா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நைனா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா கோபக்காரர், ஆனால் சாஸ்திரத்துக்குப் பயந்தவர். மாற்றின தட்டின் மேல் இன்னொரு தட்டு வைக்க அவருக்குக் கை வரவில்லை. மாமி புடவைத் தட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள். வெகுநேரம் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்த மாமா கடைசியில், “நீ சின்ன வயசுல இருந்தே இப்டித்தான்” என்றார். “போவட்டும். மூணு வருசந்தானே, படிக்கட்டும். ஏம்பா, அந்த மாம்பழக் கூடைய எறக்கு” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்து சாப்பிட்டார். மூன்று வருஷம் அவர் மகன் காத்திருக்கவில்லை. அந்தத் தையிலேயே நகரிப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டினான். கல்யாணத்துக்கு நானும் அக்காவும் ஸ்கூட்டியிலேயே போனோம்.

அக்கா இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், கழுத்தில் விசில். கிரேன் அண்ணன் பயந்ததுபோல் யாரும் எழுதிப் போடவில்லை. ஆனால் அம்மா மட்டும் எங்கள் தெருவில் தீராத சிரிப்பாகிவிட்டாள். வெகுளி, காலேஜோடு தட்டு மாற்றினவள் என்று சொந்தத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் யாராவது ஆரம்பிப்பார்கள். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “எனக்கு இன்னா தெரியும்?” என்று சேர்ந்து சிரிப்பாள். நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சைக்கிள் சண்டையைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. சனிக்கிழமை சாயங்காலம், வண்டி வருவதற்கு முந்தின நாள், அம்மா மார்க்கெட்டிலிருந்து சாமந்தி வாங்கிவந்து தனியாக உட்கார்ந்து மாலை கட்டினாள். பக்கத்தில் இரண்டு தாம்பாளம் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திருந்தது. மாலை பாதி ஆனதும் எழுந்து வந்து, என் சைக்கிளின் ஹேண்டில் பாரில் போட்டு நீளம் பார்த்தாள். சரியாகத் தொங்குகிறதா என்று தள்ளி நின்றும் ஒரு தடவை பார்த்தாள். என் சைக்கிளுக்குத்தான் ஏதோ பூஜை என்று குதித்தேன். அம்மா மாலையை எடுத்துக்கொண்டு, “ஒன் சைக்கிளுக்கு இல்லடி, போடி” என்றாள். நான் காலை உதைத்துக்கொண்டு அழுதேன். யாருக்கு என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.