மை வேண்டாத இடம்

வளையல் அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். முகம்தான் பாதிப் பேருக்குத் தெரியாது. பெயரோ படமோ கொடுத்தால் உலோகத் தகட்டில் ஏற்றிக் கைவளையமாக்கித் தரும் கடை அவளுடையது. கண்ணாடிப் பெட்டியும் நாத்தனாரும் முன்னறையில்; சூட்டில் அழுத்திப் படம் ஏற்றும் ஹீட் பிரஸ்ஸும் அவளும் பின்னறையில். முகத்திலும் கைகளிலும் வெண்புள்ளி பரவிய பிறகு வந்த ஏற்பாடு அது. யாரும் அவளை உள்ளே போகச் சொல்லவில்லை, அவளே போய்க்கொண்டாள். கொதிக்கிற இயந்திரத்தின் பக்கத்தில் முழுக்கைச் சட்டையோடு நிற்பாள். வேர்த்து விறுவிறுத்தாலும் கையை மடிக்க மாட்டாள். இந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்ல?

வேலையில் மட்டும் அவளை ஒரு சொல் சொல்லிவிட முடியாது. வெள்ளைப் பூச்சுத் தகட்டின் மேலிருக்கும் மெல்லிய உறையை உரிப்பாள். இடவலம் மாற்றி அச்சிட்ட தாளை அதன் மேல் கவிழ்த்து, இம்மியும் நகராதபடி நாடா ஒட்டுவாள். தாளில் அழுது வடிகிற நிறம், பிரஸ்ஸின் சூட்டில் ஒரு நிமிடம் வெந்ததும் தகட்டில் பளிச்சென்று ஏறிவிடும். பிறகு அதை உருளையில் வைத்து வளைப்பாள். மகளைப் படிக்க வைத்ததே அந்தப் பிரஸ்தான்.

அந்த மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. கிளம்புமுன், அம்மாவின் முகம் போட்ட ஒரு வளையம் வேண்டும், போகிற இடத்தில் அம்மா கையோடு இருக்க வேண்டும் என்று கேட்டாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

கணினியில் படங்களைச் சரிசெய்வது நாத்தனார் வேலை. பாசக்காரி. யாரும் கேட்காமலே அண்ணியின் முகத்தில் ஒரு புள்ளி விடாமல் நிரவி ஒரே நிறமாக்கிவிட்டாள். தகடு வெளியே வந்ததும் அக்காவுக்கு அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. உள்ளதைச் சொன்னால், அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

மகள் வாங்கிப் பார்த்தாள். போட்டுக்கொள்ளவில்லை.

"அழகாத்தான் இருக்காங்க. ஆனா இவங்களை எனக்குத் தெரியாதே, அத்தை."

நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. மகள் சண்டைக்கு நிற்கவில்லை. அம்மா எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிற படமொன்று அவள் கைபேசியில் இருந்தது. அதை அச்சிட்டு, புதுத் தகடு எடுத்து, அம்மா செய்கிற மாதிரியே செய்து, பிரஸ்ஸை அவளே இறக்கினாள். வேண்டாம், வேண்டாம் என்று அம்மா சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று.

தாளை உரித்ததும் மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். மாநிறம் செழித்து ஏறியிருந்தது. புள்ளிகள் இருந்த இடத்தில் மை பட்டும் படாமலும், தகட்டின் சொந்த வெள்ளையே மினுங்கியது.

"அங்கெல்லாம் மை பிடிக்கலையே" என்றாள் நாத்தனார், மெதுவாக.

"அங்க மை வேணாம் அத்தை. எங்கம்மா இப்படித்தான்."

அதை உருளையில் வளைத்துக் கையில் மாட்டிக்கொண்டு, அதே மாதிரி இன்னொன்று செய்து, கண்ணாடிப் பெட்டியின் முதல் வரிசையில் வைத்துவிட்டுத்தான் மகள் வண்டி ஏறினாள். அதை எடுத்து உள்ளே வைத்துவிட அக்கா பலமுறை பெட்டிவரை போனாள். போய்ப் போய்த் திரும்பினாள்.

மறுவாரம் ஒரு பெண்மணி வந்து, அதே மாதிரி தன் மகளுக்கும் ஒன்று வேண்டும் என்று பெட்டியைக் காட்டினாள். என்னமாய்ச் சிரிக்கிறாள், யார் இவள் என்றும் கேட்டாள். நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் பின்னறைத் திரை விலகியது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டே வளையல் அக்கா வெளியே வந்தாள்.

"நான்தாங்க. எம் பொண்ணு செஞ்சது" என்றாள். "உங்க பொண்ணோட கை அளவு சொல்லுங்க."