எட்டாத கை

என் மருமகள் மேகலா ராயக்கோட்டைத் தக்காளிக்காரர் வீட்டுப் பெண். ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு வருகிற பொடிகளைச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. சமையல் சுத்தமாக வராது. குழம்புக்கு உப்பு போடச் சொன்னால் தராசு தேடுவாள் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

என் மகன் மணிவேல் ஜூஜுவாடியில் லாரியில் அடிபட்டுச் செத்தான். காரியம் முடிந்த மறுநாளே இவள் வேலைக்குக் கிளம்பினாள். "வூட்ல உக்காந்தா பைத்தியம் புடிச்சிரும் அத்தை" என்றாள். போகாமலே இருந்திருக்கலாம்.

அன்று வந்த டிரம்மில் ஒட்டியிருந்த பெயர் ஒன்று, உள்ளே இருந்த பொடி வேறு. இரண்டுமே ஆசிட் பொடி, இரண்டும் வெள்ளைதான். காரம் விட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவுதான் குடிக்கும். தண்ணீரில் கரைத்து, புளிப்பை அளக்கிற மீட்டரை முக்கினால்தான் எது வீரியமான ஆசிட் என்று தெரியும். அவள் முக்கவில்லை. சரி என்று அனுப்பிவிட்டாள். அதைப் போட்டுச் செய்த மருந்துக் கலவை முழுதும் பாழ். வேலை போயிற்று.

"ரெண்டும் ஒரே மாதிரின்னா, அப்பறம் என்னாடி வித்தியாசம்?" என்று கத்தினேன்.

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ரெண்டுலயும் அதே சாமான்தான் அத்தை. தன்கிட்ட இருக்கற ஹைட்ரஜன விட்டுக் குடுக்கறதுதான் ஆசிட்டு. ஒண்ணுல, விடற எடத்துக்குப் பக்கத்துலயே இன்னொரு கை இருக்கு. விட்டுட்டு வெறுமனே நிக்கறத அது புடிச்சிக்கும். ஹைட்ரஜன் பிணைப்புன்னு சொல்வாங்க. தாங்கிக்க ஆளு இருக்கறதால லேசா விட்டுரும். இன்னொண்ணுல அந்தக் கை எதிர்ப்பக்கம் இருக்கு. எட்டாது."

"எட்டலன்னா விடவே விடாதா?"

"விடும். கஷ்டப்பட்டு விடும்."

"இத்தன தெரிஞ்சவ ஏன்டி முக்கல?"

"அவரு போன் பண்ற மாதிரி இருந்துச்சி. போய் பைக்குள்ள போனத் தேடிட்டு வந்தேன். முக்கிட்டேன்னு நெனச்சிட்டேன்."

அவள் தள்ளி வைத்த தட்டை எடுத்துத் திரும்ப அவள் முன்னால் வைத்தேன்.

அடுத்த வாரம் அவள் அப்பா நாராயணப்பன் வண்டி வைத்துக்கொண்டு வந்தார்.

"சம்மந்தியம்மா, புள்ளயக் கூட்டிட்டுப் போறோம். இங்க வேலையும் இல்ல."

"வேலைக்கா கட்டிக் குடுத்தீங்க? அவ எம் மவன் பொண்டாட்டி. எங்கயும் வர மாட்டா."

"உங்களுக்கும் வேற யாரு இருக்கா? அதான் புடிச்சி வெச்சிக்கறீங்க."

உண்மையைச் சொன்னதால் எரிச்சல் வந்தது. மேகலா வாசலில் நின்று, "நீங்க சொன்னா இருக்கறேன் அத்தை" என்றாள். சின்னப் பெண். வண்டிக்குள்ளிருந்து அவள் அம்மா கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு கை இருந்தது.

"ஏறுடி. அங்க போயாவது குழம்புக்கு உப்பு போடக் கத்துக்க" என்றேன்.

வண்டி போன பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. அவளை விட்டுவிட்டேன். ஆனால் அவள் சொன்ன மாதிரிதான், லேசில் விடவில்லை.