பாட்டை நிறுத்திய அன்று

இத்தாலியின் பலேர்மோவில், பொலிதேயாமா அரங்கத்தின் பக்கத்து ஸ்ட்ரிப் கிளப் ஒன்றில் நான் டிஜே. அங்கே ஆடும் மிரேலாவும் நானும் பாட்டைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. பேச இருவருக்கும் தெம்பிருந்ததில்லை.

அன்று ஒருவன் மேடையேறி அவள் கையைப் பிடித்து இழுத்தான். நான் பாட்டை நிறுத்தி எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டேன். அவன் வெட்கப்பட்டு இறங்கிப் போனான். முதலாளியோ ஓடிவந்து, "வாடிக்கையாளரையே அவமானப்படுத்துகிறாயா? இனி வராதே!" என்று என்னிடம் கத்தினார்.

கிளம்புவதற்காக என் கோட்டை எடுத்தேன். மிரேலா மேடையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். மற்றப் பெண்களும் வந்தார்கள்.

"இவன் போனால் நாங்களும் ஆடமாட்டோம்" என்றாள் மிரேலா.

"சரி, பாட்டைப் போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போய்விட்டார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்: "வேலை போகப் பாத்தது. ஆடுற பிள்ளையள்தான் எனக்காக நிண்டவை."

"ஓமோ? அவை எந்த ஊர் ஆக்கள்?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் அவர்களுக்குப் பாட்டுப் போட்டும், எந்த ஊர் என்று நான் அவர்களிடம் கேட்டதே இல்லை.