மடங்காத வலது கால்

என் வலது முட்டியில், தழும்பை ஒட்டி வெளிப்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துக் கிடக்கிறது. குளிக்கும்போது வெந்நீர் கால் முழுக்க இறங்குகிறது. அந்த இடத்தில் மட்டும் இறங்குவது தெரிவதில்லை. ஜெர்மனியில் எனக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து "வுண்டர்பார்" என்றார். அற்புதமாம். மரத்துப்போனதைச் சொன்னேன். தோலின் சின்ன நரம்புகள் அறுபட்டிருக்கும், பலருக்கும் இருப்பதுதான், பழகிவிடும் என்றார். பழகிவிட்டது. வலி போய்விட்டது, மாடி ஏறுகிறேன், வேலைக்குச் சைக்கிளில் போகிறேன். அந்த ஊர்க் கணக்கில் என் முட்டி பாஸ். உங்களில் யாராவது செய்துகொள்ளலாமா என்று கேட்டால், தாராளமாக என்றுதான் சொல்வேன்.

அறுவைக்குப் பிறகு அங்கே ரேஹா என்று ஓர் இடத்துக்கு அனுப்புவார்கள். தங்கியிருந்து நடக்கப் பழகிக்கொண்டு வர வேண்டும். இந்த முட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்ய ஆசை என்று பயிற்சியாளர் எல்லோரையும் கேட்டார். மற்றவர்கள் தோட்டவேலை, மலையேற்றம் என்றார்கள். நான் தரையில் உட்கார வேண்டும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அடிக்கடி விழுகிறீர்களா?" என்று மெல்லக் கேட்டார். மனிதர்கள் விரும்பித் தரையில் உட்காருவார்கள் என்று அந்த நல்ல மனிதருக்குத் தோன்றவே இல்லை. விழுந்தவர் எழுவது எப்படி என்று சிரத்தையாகச் சொல்லிக்கொடுத்தார். ஒருக்களித்துத் திரும்பு, கைகளை ஊன்று, நாற்காலியைப் பிடி, நல்ல காலை முதலில் வை. எழுந்ததும் கைதட்டினார். விளக்க எனக்கு ஜெர்மன் போதவில்லை. சிரித்து வைத்தேன்.

போன மாதம் அம்மா இறந்தாள். ஆவடி சேக்காட்டில் அண்ணன் வீடு. நான் வந்து சேரும்வரை அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். தெருவில் ஷாமியானாவும் ஆண்களுக்கு நாற்காலிகளும். உள்ளே பெட்டியைச் சுற்றிப் பெண்கள் தரையில். மகளின் இடம் தலைமாடு. வருகிற பெண்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். எங்களுக்கு அழுகை அப்படித்தான் வரும், தனியாக வராது. அண்ணி எனக்கென்று தலைமாட்டில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாள். துக்கம் விசாரிக்க வந்த கலெக்டர் மாதிரி அதில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் குனிந்து என் தோளைத் தொட்டுவிட்டு, கீழே போய் ஒருத்தரையொருத்தர் கட்டிக்கொண்டார்கள். அம்மாவைப் பார்த்தேன். பெட்டிக் கண்ணாடியில் படிந்த ஈரத்தைப் பார்த்தேன். ஒன்றுமே தோன்றவில்லை. இப்படியே தூக்கிவிடுவார்கள், அழாமலே அனுப்பிவிடுவேன் என்று மட்டும் பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டுப் பேபியக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாமே இது, பெத்தவ பொட்டில கீறா, நீ மேல குந்திகினு கீற?"

"அதுக்கு முட்டி மாத்திகீறாங்கக்கா, மடக்க முடியாது" என்றாள் அண்ணி.

"என் நாத்தனாருக்கும்தான் பூந்தமல்லில மாத்துனாங்க. டாக்டரு கீழ குந்தவே கூடாதுன்னாரு. அதுக்குன்னு சாவு ஊட்ல சேர் போட்டா குந்துவாங்க?"

ரேஹாவில் படித்த பாடத்தைத் தலைகீழாகச் செய்தேன். நாற்காலியைப் பிடித்தேன், கைகளைத் தரையில் ஊன்றினேன், ஒருக்களித்து இறங்கினேன். இடது கால் தானாகச் சம்மணத்துக்கு மடங்கிக்கொண்டது. வலது கால் அந்த அளவுக்கு மடங்காமல் விறைத்து நீண்டது, பாதம் நேராக அம்மாவின் தலையைப் பார்த்து. யாரோ "ஐயோ" என்றார்கள். அண்ணி சட்டென்று அந்தக் காலைத் தூக்கித் திருப்பித் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

"இங்கயே கெடக்கட்டும் வசந்தி."

பேபியக்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அம்மா என்று ஒரு சத்தம் கேட்டது. அது என்னுடையது என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தபோது, அண்ணி என் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். தழும்பின் வெளிப்பக்கம், அதே இடத்தில். பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.