கிணற்றில் வந்த மஞ்சள் கல்லை அப்பா வறுத்த நாள்

“…அதுக்கில்லண்ணே, ஒங்களுக்கு மனசு பொறுக்கல. அதான் என் தங்கத்தத் தீயில போடச் சொல்றீக” என்று சித்தப்பா சொன்னபோது அப்பா கோபப்படவில்லை. “தங்கம்னா, தீ அத என்னலே செஞ்சிரும்?” என்று மட்டும் கேட்டார்கள்.

அப்பா பிறந்தது பரளச்சிப் பக்கத்து மானாவாரிக் கரிசலில். மழை தொடர்ந்து பொய்த்ததால் வடக்கே ஒரு செம்பு ஆலைக்குப் போனார்கள். உலையில் போடுமுன் தாதுக்கல்லைப் பொடித்து வறுப்பது அங்கே அப்பாவின் வேலை. கல்லிலுள்ள கந்தகம் புகையாகப் போன பிறகுதான் செம்பை எடுக்க வருமாம். “ரவை வறுக்குற மாதிரித்தான். தீ கூடுனா கட்டி பிடிச்சுக்கிரும், கொறஞ்சா கந்தகம் போகாது” என்பார்கள். அந்தப் புகைதான் பிற்பாடு அப்பாவின் நெஞ்சில் இருமலாகத் தங்கிவிட்டது.

அறுபதுகளின் கடைசியில் அப்பா லீவில் வந்திருந்த நேரம். எங்கள் புஞ்சையில் பாதி தோண்டிய கிணற்றிலிருந்து மஞ்சளாக மினுங்கும் கல் வந்தது. சித்தப்பா தோண்டுவதை நிறுத்திவிட்டார். உழவு மாடு இரண்டையும் விற்றுப் பக்கத்துப் புஞ்சையையும் வாங்கிவிட ஆள் பேசியாயிற்று. மாடு போனால் உழவில்லை, கிணறு நின்றால் தண்ணீரில்லை என்று அம்மாவுக்கு உறக்கம் போயிற்று.

அப்பா அந்தக் கல்லை உரலில் இடித்து, இரும்புச் சட்டியில் பரப்பி, கொல்லர் பட்டறைக் கங்கின் மேல் கிளறிக்கொண்டே இருந்தார்கள். ஊர் கூடி நின்றது. தீக்குச்சி கிழித்த நெடி கிளம்பியது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, “கொழுந்தனாரே, கிணத்துக்குள்ள தீப்பெட்டி ஆபீஸு போடலாம் போல” என்றார். மினுக்கம் கறுத்தது, ஆறியதும் செங்காவிப் பொடியாகக் கிடந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. “இரும்பும் கந்தகமுந்தாம்ப்பா. நானும் போன புதுசுல இதே மாதிரி ஒரு கல்ல மடியில முடிஞ்சு வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்” என்றார்கள். அதுவரை யாரிடமும் சொல்லாத சங்கதி அது.

கடைசி மாதங்களில் அந்த இருமலால் அப்பாவால் படுத்து உறங்க முடியவில்லை. கஞ்சி கொண்டுவந்த பந்தல்குடி உறவினர்களையும், ஆஸ்பத்திரிக்குத் துணை வந்த பாளையம்பட்டி நண்பர்களையும் கைகூப்பி நினைக்கிறோம். இரவெல்லாம் அப்பா சாய்ந்திருந்தது சித்தப்பாவின் முதுகில். அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்.

சித்தப்பாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆகவே கல்லை வறுத்த அன்று அவர் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். அப்பாவின் கையிலிருந்து சட்டியை வாங்கினார். அந்தப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, விற்க இருந்த மாடுகள் இரண்டின் கொம்புகளிலும் பூசினார். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிணற்றில் இறங்கினார்.