பேப்பரில் வந்த ஊர்

ராயபுரத்தில் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவொன்றில் ஷிஜிக்கு ஒரு பேக்கரி இருக்கிறது. பலகையில் கணவன் ஜெரினின் மாமா வைத்த பெயர்தான் இன்னும் தொங்குகிறது. ஆனால் தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, 'ஷிஜிக்கா கடை' என்றுதான் சொல்கிறார்கள். மார்த்தாண்டத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் ஷிஜி கல்லாவை விட்டு வெளியே இறங்கமாட்டாள். ஊரை அவள் தெரிந்துகொண்டது கேக்கில் எழுதிய பட்டப்பெயர்களை வைத்துத்தான்.

"இன்னா பேரு எழுதணும்?" என்று கேட்டால், "கொக்கி" என்பான் ஒருவன். "மண்ணெண்ண" என்பான் இன்னொருவன். ஷிஜிக்குக் காரணம் தெரியாமல் கை ஓடாது. "எதுக்குடா மண்ணெண்ண?" என்று கேட்டு, கதையைக் கேட்டு முடித்த பிறகுதான் க்ரீம் கோனைக் கையில் எடுப்பாள். இப்படியே பத்து வருஷத்தில் காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரை யாருக்கு யார் தோஸ்து, யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சிக்கல் வந்தது. யாரோ சில பையன்கள் பைக் சீட்டில் கேக்கை வைத்து, பட்டாக்கத்தியால் வெட்டி, அதை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். வீடியோவில் கத்தியைவிடத் தெளிவாகத் தெரிந்தது கேக் பெட்டியில் இருந்த கடைப் பெயர். போலீஸ்காரர் ஒருவர் கடைக்கு வந்து, கேக் வாங்கியது யார் என்று விசாரித்துவிட்டு, ஒரு டீயும் ரெண்டு பட்டர் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஜெரினுக்கு அன்றிரவு தூக்கமில்லை.

மறுநாளிலிருந்து ஷிஜி ஒரு வழக்கம் வைத்தாள். மற்ற கடைகளில் கேட்டால்தான் பிளாஸ்டிக் கத்தி கொடுப்பார்கள். இவள் கேட்காமலேயே பெட்டிக் கயிற்றில் தன் கையாலேயே கட்டி, முடிச்சும் போட்டுக் கொடுப்பாள். கூடவே, "இத்தாலதான் வெட்டணும். வேற எத்தாலயாவது வெட்டுனேன்னு தெரிஞ்சிது, அடுத்த வருஷம் உனக்கு இங்க கேக் கெடயாது" என்பாள். விளையாட்டுக்குச் சொல்வதாகத்தான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். இரண்டு பேருக்கு அவள் நிஜமாகவே கேக் போட மறுத்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

ஷிஜியின் அப்பா ராசையாவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்த ராயபுரம் பேப்பரில் வரும் ராயபுரம். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பரைப் படித்து முடித்ததும் மகளுக்குப் போன் போடுவார்.

"மக்ளே, தண்டையார்பேட்டையில ஒருத்தன வெட்டிட்டாவளாம். ஒனக்க கடையிலேருந்து எம்புட்டு தூரம்?"

"அது வேற பக்கம்ப்பா."

"வேற பக்கமுன்னா? நடந்து வந்தா வந்திரலாம் இல்லியா?"

பத்து வருஷமாக இதே பேச்சு. அவர் ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. போன மாசி மாதம் மார்த்தாண்டத்தில் அவருக்குச் சொந்தமான கடையொன்று காலியானது. பஸ் ஸ்டாண்டு பக்கம், நல்ல இடம். "ஷிஜியும் ஜெரினும் வந்தா அவங்களுக்கு. இல்லேன்னா அபினுக்கு" என்று சொல்லிவிட்டார். அபின் ஷிஜியின் தம்பி.

ஜெரினுக்குப் போகத்தான் ஆசை. மாவு பிசைந்து பிசைந்து தோள்பட்டை போய்விட்டது என்றான். போலீஸ் வந்ததையும் சொன்னான். ஷிஜிக்குப் போக மனமில்லை. ஒரு மாதம் இருவரும் சாப்பாட்டு நேரத்தில் இதையே பேசினார்கள். கடைசியில் ராசையாவே ஒரு வழி சொன்னார்.

"எனக்க எழுவதாவது பெறந்தநாளுக்கு நான் அங்கோட்டு வாறேன். என் கண்ணால பாத்துட்டு சொல்லுதேன்."

"அவரு இருன்னா இருப்போம். வான்னா போவோம். சரிதானே?" என்றான் ஜெரின்.

ஷிஜி சரி என்றாள். ராயபுரத்தில் ஒரு நாளைக் கழித்துவிட்டு அப்பா நல்ல வார்த்தை சொல்வார் என்ற நம்பிக்கை அவளுக்குச் சுத்தமாக இல்லை. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.

பிறந்தநாளன்று காலை ராசையா எழும்பூரில் வந்து இறங்கியபோது விரலில் மோதிரம் இல்லை, கையில் வாச் இல்லை.

"எங்கப்பா?"

"வீட்ல வச்சாச்சு. எதுக்கு வீணா?"

பக்கத்து வீட்டு சௌக்கத் அலி ஆட்டோவோடு காத்திருந்தார். ஷிஜியின் கடைக்கு சமோசா போட்டுக் கொடுப்பது அவர் மனைவி சாபிரா. ராசையா ஆட்டோவில் ஏறி, பையை மடியில் அணைத்துக்கொண்டார். வண்டி வால்டாக்ஸ் சாலையைத் தாண்டும் வரை பேசவில்லை. அதற்கப்புறம் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"பாய், இஞ்ச வெட்டு குத்தெல்லாம் எங்க நடக்கும்?"

சௌக்கத் அலி கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "இன்னா நைனா, பர்த்டே அதுவுமா இத்த கேக்கற?"

"சும்மா தெரிஞ்சிக்கத்தான்."

"பாக்கணுமா? சாய்ங்காலமா இஸ்துகினு போறேன். ஆனா ஒண்ணு, நாம போற நேரத்துக்கு எவனும் வெட்டிகினு குந்தி இருக்கமாட்டான். அதுக்கு நான் கேரண்டி குடுக்க முடியாது."

ஷிஜி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் கிழவருக்கு உள்ளூர ஒரு துடிப்பு வந்துவிட்டதை அவள் கவனித்தாள். முப்பது வருஷம் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் முகத்தைப் பார்த்தே வந்தவர் அவர். வந்த இடத்தில் முகம் பார்க்காமல் இருக்க அவரால் ஆகாது.

பகலெல்லாம் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை விசாரித்தார். பன் வாங்க வந்த பெண்ணிடம், "ராத்திரி எத்தன மணிவரைக்கும் வெளிய நடப்பீங்க?" என்றார். "வேல வுட்டு வரவே பத்தாவும் தாத்தா. அப்பால எங்க நடக்கறது, படுக்கறதுதான்" என்றாள் அவள். ஷிஜி வாடிக்கையாளர்களிடம் பேசுவதைக் கேட்டுவிட்டு, "இது என்ன பாஷ மக்ளே? இன்னாங்குத, கீதுங்குத. வீட்ல இப்பிடித்தான் பேசுவியா?" என்றார்.

"கல்லாவுல நின்னா தானா வந்திருதுப்பா."

"கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றார். ஜெரினுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

சாயங்காலம் கடையை ஜெரின் பார்த்துக்கொள்ள, ஷிஜி தன் கையால் செய்த கேக்கோடு மூவரும் கிளம்பினார்கள். வழியில் சௌக்கத் அலி சொன்னபடியே ஊரைக் காட்டிக்கொண்டு வந்தார். "இந்த முனையிலதான் நைனா, நீ பேப்பர்ல படிச்ச கேஸு. அந்தப் பக்கம் பாரு, அங்க கெடைக்கற சுண்டல் மாரி எங்கயும் கெடைக்காது." ராசையா முனையையும் பார்த்தார், சுண்டல் வண்டியையும் பார்த்தார். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. திருவொற்றியூர் தாண்டி, கடல் அரிக்காமலிருக்கக் கல் கொட்டியிருக்கும் இடமாகப் பார்த்து ஆட்டோவை நிறுத்தினார்கள்.

பாறை மேல் துண்டை விரித்துப் பெட்டியைத் திறந்தாள் ஷிஜி. வெண்ணெய்க் க்ரீமில் 'அப்பா 70' என்று எழுதியிருந்தது. மெழுகுவர்த்தி இருந்தது. தீப்பெட்டி சௌக்கத் அலியிடம் இருந்தது. கத்தி இல்லை.

பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். ரெண்டு ரூபாய் பிஸ்கட்டைக்கூடக் கணக்காகக் கட்டிக் கொடுப்பவள். ஊருக்கெல்லாம் கத்தி கட்டுகிற கை, கல்லாவில் விற்காத இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் கட்டவில்லை. அந்த மிரட்டலும் அந்த முடிச்சும் வாடிக்கையாளர் எதிரில் நின்றால்தான் அவளுக்கு வரும்போல.

"இன்னா ஷிஜிமா, பேக்கரிக்காரம்மா வூட்டு கேக்குக்கே கத்தி இல்லியா?" என்று சிரித்தார் சௌக்கத் அலி. "வண்டில ஸ்பேனர் கீது. வேணுமா?"

"கையால பிச்சுத் தின்னலாம் மக்ளே" என்றார் ராசையா.

அப்போதுதான் கொஞ்சம் தள்ளி ஒரு கூச்சல் கேட்டது. ஐந்தாறு இளவட்டங்கள், இரண்டு பைக். ஒரு பைக் சீட்டில் பெட்டி. ஷிஜிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது, தன் கடைப் பெட்டி. ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். நடுவில் நின்றவன் கையை மேலே உயர்த்தினான். கையில் நீளமாக ஒரு அரிவாள்.

ராசையா எழுந்துவிட்டார். "பாய், வண்டிய எடும்!" என்று மகளின் மணிக்கட்டைப் பிடித்தார்.

ஷிஜி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை உருவிக்கொண்டு நேரே நடந்தாள். "ஷிஜியே! போவாத! கேட்டியா?" என்ற குரல் பின்னாலேயே வந்தது.

"டேய் நிதிஷ்!"

அரிவாள் சட்டென்று நிதிஷின் தொடைக்குப் பின்னால் போனது. கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவன், ஆறடி உயரம்.

"அக்கா... நீ இன்னாக்கா இங்க?"

"நான் கட்டிக் குடுத்த கத்தி எங்க?"

"கீதுக்கா. கயித்துலயே கீது. அவுக்கவே இல்ல."

"அப்போ பின்னால இருக்கறது இன்னா?"

"இளநிக்காரர்கிட்ட கேட்டு வாங்கியாந்தேன். ரீல்ஸுக்குக்கா. ஒரே டேக்கு. சும்மா தூக்கிக் காட்டிட்டு உன் கத்தியாலதான்கா வெட்டலாம்னு..."

"கடையில கத்தியக் கட்டும்போது இன்னா சொன்னேன்?"

நிதிஷ் அரிவாளை இன்னும் பின்னால் தள்ளினான். பக்கத்தில் நின்றவன்தான் சொன்னான். "அடுத்த வருஷம் உனுக்கு கேக் இல்ல மாமு. ஒரு பன்னு வாங்கி அதுல மெழுகுவத்தி குத்திக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். நிதிஷ் மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, அவன் பேச்சக் கேக்காதக்கா. போன வருஷம் போட்டியே, லாரி கேக்கு, அத்த எங்கம்மா இன்னும் சொல்லிகினு கீது. வீடியோவ அழிச்சிடறேன்க்கா. டேய், அழிடா."

"மொதல்ல கயித்துல கீற அந்தக் கத்திய இப்பிடி குடு. என் கேக்க வெட்டணும்."

அவர்களுக்குப் புரியவில்லை. ஷிஜி திரும்பிப் பார்த்தபோதுதான் ராசையா நிற்பது தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மகளுக்கு நாலடி பின்னால் வந்து நின்றிருந்தார். கையில் ஒரு கல். சண்டைக்கு வந்தவரைப்போலவும் தெரியவில்லை, ஓடப்போகிறவரைப்போலவும் தெரியவில்லை.

"எங்கப்பா. ஊர்லேந்து வந்திருக்காரு. இன்னிக்கு அவருக்கும் பர்த்டே" என்றாள் ஷிஜி.

"அப்டியா! நைனா, ஹேப்பி பர்த்டே! கல்லக் கீழ போடு நைனா, பேஜாராயிடப் போவுது."

ராசையா கல்லைக் கீழே போட்டார். போட்டதும் அவருக்குக் கேள்வி வந்துவிட்டது. "மக்கா, கேக்கு வெட்ட எதுக்கு இம்புட்டு பெரிய அருவா?"

நிதிஷ் தலையைச் சொறிந்தான். "வெளிய எல்லாரும் ராயபுரம், எண்ணூருன்னா இத்ததான் நைனா பாக்கறாங்க. நான் காலைல எட்டு மணி ஷிப்டுக்கு போறத வீடியோ எடுத்துப் போட்டா எவன் பாப்பான்?"

"அதாக்கும் காரியம்" என்றார் ராசையா. அரிவாளைக் கேட்டு வாங்கி, கட்டைவிரலால் பதம் பார்த்தார். "மொட்டையா இருக்கு. எங்க வீட்டு வாழத்தோட்டத்துல இருக்கது இதவிட பெருசு. அதப் பாத்து யாரும் படம் எடுத்ததில்ல."

அந்த ஒரு பிளாஸ்டிக் கத்தியால்தான் இரண்டு கேக்கும் வெட்டினார்கள். முதலில் எழுபது, அப்புறம் நிதிஷின் இருபத்துமூன்று. பாட்டை ஒரு தடவைதான் பாடினார்கள், பெயர் வருமிடத்தில் பாதிப் பேர் 'நைனா' என்றும் பாதிப் பேர் 'நிதிஷு' என்றும் கத்தினார்கள். ஒருவன் விரலில் க்ரீமோடு ராசையாவை நெருங்கி, ஷிஜியைப் பார்த்தான். "தொட்டே..." என்று ஆரம்பித்தாள் அவள். "பூசட்டும். இதும் இஞ்சத்த வழக்கமா?" என்று கன்னத்தைக் காட்டினார் ராசையா. கிளம்பும்போது, இளநீர்க்காரரிடம் அரிவாளைத் திருப்பிக் கொடுக்கும்வரை ஷிஜி ஆட்டோவில் ஏறவில்லை.

திரும்பும் வழியில் ராசையா காதில் ஒட்டிய க்ரீமைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஒனக்குப் பயமே கெடயாதா?"

"உண்டுப்பா. அந்தச் செவப்புச் சட்டக்காரன் இருந்தான்ல, அவன் யாருன்னு எனக்குத் தெரியாது. அருவா அவன் கையில இருந்திருந்தா நான் கிட்டயே போயிருக்கமாட்டேன்."

ராசையா இதை யோசித்தார். காசிமேடு வரும்வரை யோசித்தார். ஷிஜியும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

கடையில் கூட்டமில்லை. ஜெரின் மாமனாரின் கன்னத்தையும் மனைவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நடந்ததையெல்லாம் சௌக்கத் அலி கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தார். ஜெரின் முகம் வெளுத்தது. "பாத்தீங்களா மாமா? இதத்தான் நான் சொல்லிட்டு வாறேன்" என்றான்.

"நீ சொன்னது சரிதான். பேப்பர்ல போட்டதும் பொய் இல்ல" என்றார் ராசையா. ஷிஜி தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். "நான் ஊருக்குப் போனாலும் காலையில போன் போடத்தான் செய்வேன், எனக்கு ஒறக்கம் வராது. ஆனா மார்த்தாண்டத்து கடைய அபினுக்குக் குடுத்திருதேன்."

"மாமா?"

"அங்க வந்து இவ யாரப் போய் ஏசுவா? அங்க இவளுக்கு ஒருத்தனயும் தெரியாது. பத்து வருசமாச்சு. இஞ்ச ஆறடிப் பய ஒருத்தன் இவகிட்ட கேக்குக்குக் கெஞ்சுதான்."

 பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை ஜெரினின் கண்ணில் வந்து போனது ஷிஜிக்குத் தெரிந்தது. அவளுக்கும் ஒரு கணம் வந்து போனது. நல்ல இடம், முன்னால் வேப்பமரம், மழைக்காலத்திலும் வெந்நீர் வேண்டாத இதமான குளிர். இனி அது அபினுக்கு.

"தோள்பட்டைக்கு ஒரு மிஷின் போடலாம்ங்க. மாவு பிசையறது" என்றாள்.

ஜெரின் வெகுநேரம் கழித்துப் போனை எடுத்தான். "போயிருவோம்னு மைதா ரெண்டு வாரத்துக்குத்தான் சொல்லி வச்சிருந்தேன்" என்றான், யாரையும் பார்க்காமல். "இன்னும் மூட்ட சேத்துச் சொல்லணும்."