நான் வாசித்துச் சொன்ன வயது

பொறாமையால் ஒருவன் வேலையைக் கெடுத்தவன் நான். மைசூரில் மெட்ரிக் தேறியும் சும்மா இருந்தேன். இங்கிலீஷில் கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த அடுத்த வீட்டு மாரப்பனை ரயில்வேயில் எடுத்துக்கொண்டார்கள். வயதுக்குப் பிரமாணப் பத்திரம் ஒன்றுதான் பாக்கி. அது இங்கிலீஷில் இருந்ததால், நோட்டரி வக்கீல் முன்னால் அதை அவனுக்குத் தமிழில் படித்துச் சொல்லி, சொன்னேன் என்று நானும் கையெழுத்திட வேண்டும்.

இருபத்திரண்டு என்பதை முப்பத்திரண்டு என்று இங்கிலீஷ் எழுத்தில் தவறாக டைப் அடித்திருந்தார்கள். இருபத்தைந்தைத் தாண்டினால் வேலை இல்லை.

"சரியா இருக்குதுங்களாண்ணா?" என்று மாரப்பன் கேட்டான்.

"இருபத்திரண்டுன்னுதான் இருக்கு. போடு."

"அர்த்த ஆயித்தா?" புரிந்ததா என்று வக்கீல் கன்னடத்தில் கேட்டார்.

"ஆயித்து சாமி. அண்ணன் படிச்சா கவர்னரே படிச்ச மாதிரி!" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டான். நானும் போட்டேன்.

வேலை போயிற்று. டைப் அடித்தவரைத் திட்டினானே தவிர, என்னைச் சந்தேகிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. தெரிந்தே பொய் சொன்னேன் என்று அதே வக்கீலிடம் பிரமாணம் எழுதி, ரயில்வே ஆபீசில் கொடுத்தேன். அதற்குள் வேறொருவன் சேர்ந்துவிட்டான். மாரப்பனிடமும் சொன்னேன்.

பிறகும் இங்கிலீஷ் காகிதம் வந்தால் என்னிடமே வருவான். "படிங்கண்ணா" என்பான். முழுவதும் கேட்டுவிட்டு, மடித்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு வாத்தியாரிடமும் படிக்கக் கொடுக்கப் போவான். அவன் திரும்பி வரும்வரை நான் வாசலிலேயே நிற்பேன்.